1996 மகேந்திரா பிக்கப்: சேசிஸ்ல ஆரம்பிச்சு எஃப்சி வரைக்கும்

எஃப்சி (வண்டி ரோட்டுல ஓடத் தகுதின்னு ஆர்டிஓ ஆபீஸ்ல குடுக்கற சர்டிபிகேட்) கையில வந்திருச்சுங்க. 1996 மாடல் மகேந்திரா பிக்கப், டூ வீல் டிரைவ், டீசல். நான் மெக்கானிக் கிடையாது, திருப்பூர்ல பனியன் கம்பெனில கணக்குப் பாக்கறேன், லீவு நாள்ல காங்கயத்துக்குத் தெக்கால இருக்கற எங்க தோட்டத்துக்குப் போயிருவேன். தேங்கா ஏத்த, புண்ணாக்கு மூட்டை கொண்டார, சோளத்தட்டு ஏத்த ஒவ்வொரு வாட்டியும் வாடகை வண்டி சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு, புது பிக்கப் விலைய கேட்டா நம்ம தோட்ட வருமானத்துக்கு அது ஆகற காரியமா இல்ல, அப்பத்தான் பழசு ஒண்ணு எடுத்து நாமளே செஞ்சா என்னன்னு இறங்குனது. இதே யோசனைல நெறய பேரு இருப்பீங்க, அதுனால என்ன செஞ்சேன், எவ்வளவு ஆச்சு, எங்க சுத்தி வந்தேன்னு வரிசையா எழுதறேன்.

இந்த வண்டிதான் வேணும்னு தேடுனதுக்குக் காரணம் இன்ஜின். பூஜோ எக்ஸ்டிபி 4.90. அந்த 4.90ங்கறது வேற ஒண்ணுமில்ல, நாலு சிலிண்டர், 90 மில்லி போர் (சிலிண்டரோட விட்டம்). ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேல கீழ போற தூரம்) 83 மில்லி, நாலு சிலிண்டரோட கொள்ளளவ கணக்குப் போட்டுப் பாத்தீங்கன்னா 2112 சிசி வந்திரும். மகேந்திரா ஜீப்புல எண்பதுகள்ல இருந்து ஓடுன இன்ஜின்ங்கறதால எங்கூருப் பக்கம் வயசான மெக்கானிக் யாரு கிட்ட போனாலும் இதுல கைவச்சிருப்பாரு. டர்போ கிடையாது, சென்சார் கிடையாது, ஈசியூன்னு சொல்ற இன்ஜின் கம்ப்யூட்டர் கிடையாது. ஸ்பானரும் பொறுமையும் இருந்தா போதும்.

தேட ஆரம்பிச்சப்ப எல்லாரும் பண்றதத்தான் பண்ணுனேன், பானட்டத் தொறந்து ஸ்டார்ட் பண்ணி சத்தம் கேக்கறது, புகை பாக்கறது. பெருந்துறைப் பக்கம் ஒரு வண்டி, பெயிண்ட் பளபளன்னு இருந்துச்சு, செல்ஃப் தொட்டதும் ஸ்டார்ட் ஆச்சு, அட்வான்ஸ் குடுக்கப் போற நேரத்துல கூட வந்திருந்த எங்க மாமா (லாரி வெச்சிருந்தவரு) கீழ படுத்து சின்ன சுத்தியலால சேசிஸ்ஸ தட்டிட்டே போனாரு. தேங்காயத் தட்டிப் பாத்து முத்துனதா எளசான்னு சொல்ற மாதிரியேதானுங்க அது, நல்ல இரும்பு டிங்குன்னு சொல்லுது, துருப்புடிச்சு மெலிஞ்ச இரும்பு தப்புன்னு சொல்லுது. அந்த வண்டில பின் ஸ்ப்ரிங் பிராக்கெட்டுக்கு முன்னாடி தப்பு தப்புன்னே சத்தம், பெயிண்டச் சொரண்டிப் பாத்தா உள்ள தகடு வெச்சு வெல்டு அடிச்சு பட்டி பூசியிருந்தாங்க. "இன்ஜின எந்த ஊர்ல வேணாலும் செஞ்சுக்கலாம் கண்ணு, சேசும் ஆர்சியும் சரியில்லீன்னா அது வண்டியே இல்ல"ன்னாரு. அதுக்கப்புறம் பாத்த வண்டி எல்லாத்துலயும் பானட்ட கடைசியாத்தான் தொறந்தேன்.

கடைசில எடுத்தது வெள்ளகோவில்கிட்ட ஒரு தோட்டத்துச் சாளைல வேப்பமரத்தடில நின்ன வண்டி. ஓடி ரொம்ப வருசம் ஆகியிருந்துச்சு, கேபின் சீட்டுல கோழி அடை படுத்திருந்துச்சு, நாலு டயரும் பஞ்சர்னு சொல்ல முடியாது, ரப்பரே வெடிச்சுப் போச்சு. ஆனா சேசிஸ் ரெண்டு பக்கமும் டிங்கு. 95 சொன்னாங்க, 82,000க்கு முடிஞ்சுது.

பணம் குடுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு சோலி. ஒண்ணு, கவர்மெண்ட்டோட வாகன் சைட்ல வண்டி நம்பரப் போட்டுப் பாத்தது. எஃப்சி முடிஞ்சு போச்சுங்கறது தெரிஞ்ச விசயம், ஆனா அந்தக் காலத்துல போட்ட ஃபைனான்ஸ் இன்னும் ஆர்சில நிக்குதுன்னு அங்கதான் தெரிஞ்சுது. கடன் என்னிக்கோ கட்டி முடிச்சிருந்தாங்க, ஃபைனான்ஸ்காரங்க கிட்ட ஃபார்ம் 35 கையெழுத்தும் என்ஓசியும் வாங்கி ஆர்டிஓ ஆபீஸ்ல குடுக்காம விட்டதுதான். அத வித்தவங்களே முடிச்சுக் குடுத்தாத்தான் மிச்சப் பணம்னு சொல்லிட்டேன், பேர் மாத்தறதுக்கான ஃபார்ம் 29, 30ல கையெழுத்து மட்டும் அன்னிக்கே வாங்கிட்டேன். ரெண்டாவது, சேசிஸ் நம்பர். துருவுக்குள்ள ஒளிஞ்சு கிடந்துச்சு. இதுல கிரைண்டர் வச்சுராதீங்க, நம்பரே போயிரும். மண்ணெண்ணெய்ல துணிய நனைச்சு ராத்திரி பூரா ஒட்டி வச்சு, காலைல பித்தளை பிரஷ்ல மெதுவா தேய்ச்சா ஒவ்வொரு எழுத்தா வெளிய வருது, அப்பறம் அது மேல வெள்ளப் பேப்பர வச்சு பென்சில்ல உரசி எடுத்தா அப்படியே அச்சு விழுந்திரும். ஆர்சில இருக்கற நம்பரோட ஒத்துப் போன அப்பறந்தான் எனக்கு மூச்சே வந்துச்சு.

பிரேக் இல்லாத வண்டிங்கறதால கயிறு கட்டி இழுக்க வேண்டாம்னு கிரேன் வண்டில ஏத்தி தோட்டத்துக்குக் கொண்டாந்தோம், 3,500.

வேலைக்கு முன்னாடி ஜாமான் பத்தி. 6ல இருந்து 32 வரைக்கும் ரிங் ஸ்பானர், அரை இன்ச் பாக்ஸ் செட்டு, டார்க் ரெஞ்ச், 4 இன்ச் கிரைண்டர், மல்டிமீட்டர், மூணு டன் ஜாக்கி ஸ்டேண்டு நாலு. ஸ்டேண்டு வாங்க 4,000 கிட்ட ஆச்சு. ஹாலோ பிளாக் கல்லு மேல வண்டிய நிறுத்திட்டு அடியில படுக்காதீங்க, அது சொல்லாம கொள்ளாம வெடிக்கும். இது ஒண்ண மட்டும் காசு பாக்காம செய்ங்க.

மொதல்ல பிரேக். இன்ஜின் ஓடறதுக்கு முன்னாடி பிரேக்கா, ஓடாத வண்டிக்கு எதுக்குன்னு எங்கய்யன் கேட்டாரு. ஓட ஆரம்பிச்சுட்டா ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்னு கை துறுதுறுங்கும், அதுனாலதான். நாலு டிரம்மும் வர மாட்டேன்னுச்சு. ஹப்பச் சுத்தி துரு இளக்கற ஆயில் அடிச்சு ஒரு வாரம் விட்டுட்டு, அப்பறம் டிரம்முல இருக்கற ரெண்டு மறை போட்ட ஓட்டைல போல்ட் போட்டு மாத்தி மாத்தி கால் சுத்து முறுக்குனா மெதுவா வெளிய வருது, சுத்தியலால அடிச்சா வார்ப்பு உடைஞ்சிரும். வீல் சிலிண்டர் நாலும் உள்ள துருப்புடிச்சு பிஸ்டன் பூட்டிக்கிச்சு, கிட்டு போட்டு பிரயோஜனமில்லன்னு புதுசே வாங்கிட்டேன், மாஸ்டர் சிலிண்டரும் புதுசு. ஷூ நாலு செட்டும் லைனிங் ரிவெட் அடிக்கக் குடுத்தேன். டிரம்ம கோயமுத்தூர் ஆவாரம்பாளையத்துல ஒரு லேத்துல குடுத்து ஓடவிட்டுப் பாத்ததுல பின்னாடி ஒண்ணு 0.6 மில்லி வட்டம் மாறியிருந்துச்சு, அத கடைஞ்சு அதே அளவுக்கு எதிர்ப்பக்க டிரம்மையும் கடைஞ்சுது. ஒரு பக்கம் மட்டும் கடைஞ்சா பிரேக் போடறப்ப வண்டி இழுக்கும்னு அந்த லேத்காரரு சொல்லித்தான் தெரியும். பைப் லைன் ஒட்டுக்கா 3/16 இன்ச் ஸ்டீல் பைப்ல புதுசு. ஆயில் டாட் 3. ஆகமொத்தம் 16,500.

அதோடவே முன்னாடி ஜாக்கி போட்டு வீல மேலயும் கீழயும் புடிச்சு ஆட்டிப் பாத்தா நல்ல ஆட்டம். இதுல ஒரு நல்ல வித்தை இருக்குங்க, இன்னொருத்தர பிரேக் மிதிக்கச் சொல்லிட்டு ஆட்டணும், ஆட்டம் நின்னுட்டா வீல் பெரிங், நிக்காம ஆடுனா கிங் பின் (முன் வீல் திரும்பறதுக்கு அச்சா இருக்கற பின்). எனக்கு நிக்கல. கிங் பின் கிட்டு போட்டு புஷ் ரீமர் அடிக்க ஆளு வேணும், அத மட்டும் பட்டறைல குடுத்து வாங்குனேன், டை ராட் எண்டும் சேத்து 7,500.

அடுத்து கேபின் தரை. சேசிஸ் நல்லா இருந்தாலும் கால் வைக்கற எடம் ரெண்டு பக்கமும் அரிச்சுப் போயி கீழ இருக்கற ரோடு தெரியுது. டீசல் டேங்க்க கழட்டி தூரமா வச்சாச்சு, பேட்டரி வயர் எடுத்தாச்சு. துரு இருந்த எடத்த விட ரெண்டு இன்ச் தள்ளி நல்ல தகடு வர்ற வரைக்கும் வெட்டி எடுத்துட்டு, அட்டைல அளவு வெட்டி, அத வச்சு 18 கேஜ் தகடு வெட்டுனேன். வெல்டிங் நம்ம வீட்டு ராடு மிஷின்லயே அடிச்சிரலாம்னு 2.5 மில்லி ராடுல ஆரம்பிச்சா, ஒட்டறதுக்குப் பதிலா தகடு உருகி ஓட்டை விழுகுது, அத அடைக்கப் போனா பக்கத்துல இன்னொரு ஓட்டை. பக்கத்து ஊர்ல கேட்டு கிரில் செய்யற தம்பி மிக் மிஷின் வச்சிருக்கறாப்ல, 0.8 மில்லி வயரு, அவரு வந்து ஒரு எடத்துல ஒரு பொட்டு, அங்கிருந்து ஒரு சாண் தள்ளி அடுத்த பொட்டுன்னு மாத்தி மாத்தி வச்சுட்டே வந்தாரு, தகடு கோணவே இல்ல. வெல்டு மேல சீலர், அது மேல ரெட் ஆக்சைடு, அடிப்பக்கம் தார் கோட்டிங். சேசிஸ்ஸ கப் பிரஷ் போட்டு தேய்ச்சு ரெட் ஆக்சைடு ரெண்டு கோட்டு, கருப்பு எனாமல் ரெண்டு கோட்டு. தகடு, வெல்டிங், பெயிண்ட் எல்லாம் 13,000.

இப்பத்தான் இன்ஜினு. கைல சுத்துச்சு, பூட்டிக்கல, அதுவே பெரிய சந்தோசம். ஆயில் மாத்தி, டீசல் கம்ப்ரஷன் மீட்டர் வச்சு எடுத்ததுல மூணு சிலிண்டர் 370ல இருந்து 380 பிஎஸ்ஐ, நாலாவது 290. ஹெட்ட இறக்குனோம் (இந்த எடத்துல இருந்து காங்கயத்துல ஒரு பழைய மெக்கானிக் அண்ணன் கூட இருந்தாருங்க). அவரு ஹெட்ட போர்ட் (காத்தும் புகையும் போற துவாரம்) மேல வர்ற மாதிரி சாய்ச்சு வச்சு ஒவ்வொரு போர்ட்லயும் டீசல் ஊத்துனாரு. மூணு சிலிண்டர்ல அப்படியே நிக்குது, நாலாவது எக்ஸாஸ்ட் வால்வ சுத்தி மட்டும் மெல்லமா ஈரம் கசிஞ்சு வந்து சொட்டுது. வால்வு சீட்டு குழி குழியா தின்னுருக்குது. அந்த வால்வு ஒண்ணு புதுசு, மத்ததெல்லாம் பேஸ்ட் வச்சு கிரைண்டிங். குச்சில ரப்பர் கப்ப ஒட்டி ரெண்டு உள்ளங்கைக்கு நடுவுல வச்சு உருட்டறது, மொதல்ல கரகரன்னு சத்தம் வரும், சாம்பல் நெறத்துல ஒரே சீரா வளையம் விழுந்ததும் சத்தம் அடங்கிரும், அதுதான் கணக்கு. எல்லா வால்வும் நானே செஞ்சேன், கை கொப்புளிச்சாலும் இந்த வேலைல எனக்கு நெம்பப் புடிச்சது இதுதானுங்க.

ஹெட் முகத்துல ஸ்ட்ரெயிட் எட்ஜ் வச்சு பீலர் கேஜ் விட்டுப் பாத்தோம், 0.05 மில்லி தகடு போகல, அதுனால பேசிங் (முகத்த இழைச்சு சமமாக்கறது) பண்ணாமயே புது கேஸ்கட் போட்டு ஏத்திட்டோம். போல்ட்ட நடுவுல இருந்து வெளிய வெளியன்னு மூணு தவணையா டார்க் பண்ணி, இன்ஜின் சூடாகி ஆறுன அப்பறம் இன்னொருக்கா. பம்பும் நாசிலும் ஈரோட்டுல பம்ப் நாசில் கடைல குடுத்தேன், ரெண்டு நாசில் 90 பார்லயே தொறந்துக்குதுன்னு காட்டுனாங்க, நாலையும் ஒரே அளவுக்கு சிம் வச்சுக் குடுத்தாங்க. ரேடியேட்டர் பித்தளை, டேங்க்க உருக்கி எடுத்து குழாய்க்குள்ள ராடு விட்டு சுத்தம் பண்ணி பத்த வச்சது. மொத்தமா 38,500, இதுல பாதி பம்ப் நாசிலுக்கே போச்சு.

ஸ்டார்ட் ஆச்சு. ஆகி ஒரு நிமிசம் ஓடி, இரைஞ்சு, நின்னு போச்சு. ஏர் எடுத்தா, அதாவது டீசல் லைன்ல சிக்குன காத்த வெளிய விட்டா, மறுபடி ஓடும், மறுபடி நிக்கும். இதுலதான் நெம்ப நாள் போச்சு. ஃபில்டர் மாத்தியாச்சு, வாசர் எல்லாம் புது செம்பு வாசர், ஃபீட் பம்ப் புதுசு, எல்லா பேன்ஜோ போல்ட்டும் இறுக்கியாச்சு, எங்கயும் ஒரு சொட்டு டீசல் ஒழுகல, ஆனா நிக்குது. கடைசில அந்த மெக்கானிக் அண்ணன் 5 லிட்டர் கேன்ல டீசல் ஊத்தி கேபின் மேல வச்சு, அதுல இருந்து ஓஸ் விட்டு நேரா ஃபீட் பம்புக்குக் குடுத்தாரு. முக்கா மணி நேரம் ஓடுச்சு, ஒரு தும்மல் இல்ல. அப்படின்னா கோளாறு டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவுல. அரை அடி கண்ணாடி ஓஸ ஃபீட் பம்புக்கு முன்னாடி லைன்ல சேத்துட்டு ஸ்டார்ட் பண்ணுனா, பொழுதோட டார்ச் அடிச்சுப் பாக்கறப்ப மஞ்ச டீசலுக்குள்ள பொடிப்பொடியா குமிழி வரிசையா போகுது. டேங்க்ல இருந்து வர்ற இரும்புப் பைப்பு, சேசிஸ்ல கிளாம்ப் புடிச்சிருக்கற எடத்துல ரப்பர் வாசருக்குள்ள தண்ணி தங்கித் தங்கி ஊசி மொனை ஓட்டை. அது உறிஞ்சற பக்கம்ங்கறதால டீசல் வெளிய வராது, காத்துதான் உள்ள போகும், அதுனாலதான் ஒழுகலைத் தேடித் தேடி எங்கயும் கெடைக்கல. அந்த லைன் முழுக்க 8 மில்லி புதுப் பைப் போட 900 ரூவா. ஓடி ஓடி நிக்கற டீசல் வண்டிக்கு வேற எதையும் மாத்தறதுக்கு முன்னாடி இந்தக் கேன் டெஸ்ட்ட பண்ணிருங்க.

மார்கழிக் காலைல இன்னொரு தொந்தரவு, பகல்ல ஒரே செல்ஃப்ல ஸ்டார்ட் ஆகற வண்டி விடியால வெள்ளப் புகைய மட்டும் கக்குது. இந்த இன்ஜின்ல முன்னறை (டீசல் மொதல்ல எரிய ஆரம்பிக்கற சின்ன அறை) இருக்கறதால ஹீட்டர் பிளக் வேல செஞ்சே ஆகணும். மல்டிமீட்டர் வச்சா நல்ல பிளக் ஒரு ஓம் கிட்ட காட்டும், என்னுதுல ரெண்டு ஓப்பனா இருந்துச்சு. நாலும் மாத்துனேன், அவ்வளவுதான்.

வயரிங் பெருசா சொல்ல ஒண்ணுமில்ல. லைட் மங்கலு, இண்டிகேட்டர் போட்டா பிரேக் லைட் சேந்து மின்னுது, எல்லாமே எர்த்து. இன்ஜின்ல இருந்து சேசிஸுக்கு, சேசிஸ்ல இருந்து கேபினுக்கு புதுசா எர்த் வயர் போட்டதும் பாதி சரியாச்சு. செல்ஃப் மோட்டாருக்கு புஷ்சும் பிரஷ்சும், டைனமோ பெரிங், புது பேட்டரி சேத்து 15,500.

பின் தொட்டி எட்டடிக்கு அஞ்சடி. அடில செக்கர் பிளேட் 3 மில்லியா 2 மில்லியான்னு ஒரே யோசனை. 3 மில்லின்னா சதுர மீட்டருக்கு 24 கிலோ கிட்ட வரும், இந்தத் தரைக்கு 90 கிலோ ஆகுது, அது வண்டி சும்மா போறப்பவும் சுமக்கற எடை. ஆனா தேங்காய மேல இருந்து கொட்டறப்ப 2 மில்லி பள்ளம் விழுந்திரும்னு 3க்கே போனேன். கிராஸ் சேனல்ல ரெண்டு மாத்துனது, டோர் கீல் எல்லாம் சேத்து 15,500. கோயமுத்தூர் உக்கடம் பழைய சாமான் மார்க்கெட்ல பின் டோர் பூட்டு ரெண்டும், டேஷ்போர்டு மீட்டர் ஒண்ணும் நல்லதா கெடைச்சுது. பெயிண்ட் வெள்ளை, டிங்கரிங்கோட 19,000, அத நான் தொடல, குடுத்து அடிச்சதுதான். டயர் 7.00-15 நாலு, ஒண்ணு 6,800.

காகிதச் செலவ யாரும் மொதல்ல சொல்றதில்ல, அதுனால நான் சொல்லிர்றேன். 7,500 கிலோவுக்கு உள்ள இருக்கற சரக்கு வண்டிக்கு தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டுமே நான் போட்டப்ப ஜிஎஸ்டி இல்லாம 16,000 தாண்டுச்சு, பழைய வண்டிங்கறதால கொறையாது. 15 வருசம் தாண்டுன வண்டிக்கு எஃப்சி ஃபீஸும் 2022 ஏப்ரல்ல இருந்து ஏத்திட்டாங்க. பாக்கி டாக்ஸ், பேர் மாத்தறது எல்லாம் சேத்து எனக்கு 38,000 ஆச்சு. புகை டெஸ்ட்ல 48 வந்துச்சு, இந்தக் காலத்து வண்டிக்கு லிமிட் 65. ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் முன்னாடி வெள்ளை, பின்னாடி சிவப்பு, பக்கவாட்டுல மஞ்சள், இதுல நெறம் மாறுனா திருப்பி அனுப்பிருவாங்க. பிரேக்கப் போட்டுக் காட்டச் சொன்னாங்க, நாலு வீலும் ஒட்டுக்கா நின்னுச்சு.

கூட்டிப் பாத்தா வண்டி விலையோட ரெண்டு லட்சத்து 77 ஆயிரம், ஜாமான் வாங்குனது தனி. அடுத்து ஒண்ணு செஞ்சா, ஏர் கோளாறு வரட்டும்னு காத்திருக்காம டேங்க்கும் டீசல் லைனும் பிரேக் லைனோடவே மாத்திருவேன், எப்படியும் சேசிஸ் வெறுசா இருக்கற நேரம் அதுதான். பெயிண்ட்டுக்கு முன்னாடியே தொட்டி வேலைய முடிச்சிருவேன், வெல்டிங் பொறி பட்டு கேபின் பின்பக்கம் அங்கங்க புள்ளி விழுந்து டச்சப் பண்ண வேண்டியதாப் போச்சு. இன்சூரன்ஸ எஃப்சிக்கு நாள் பாத்துட்டு அப்பறம் போடுவேன், முன்னாடியே போட்டதுல வண்டி நின்ன நாளுக்கும் சேத்து காசு ஓடிருச்சு.

இன்னும் மிச்சம் இருக்கறது ரெண்டாவது கியரு, லோடோட இறக்கத்துல வர்றப்ப தானா நியூட்ரலுக்கு வந்துருது. கியர் பாக்ஸ கழட்டி செலக்டர் ஃபோர்க்கும் லாக் ஸ்ப்ரிங்கும் பாக்கணும், அது வரைக்கும் 800 கிலோவுக்கு மேல ஏத்தறதில்லன்னு வச்சிருக்கேன். இந்த இன்ஜினோட வந்த நாலு ஸ்பீடு கியர் பாக்ஸ பிரிச்ச அனுபவம் இருக்கறவங்க அந்த ஸ்ப்ரிங் அளவு என்னன்னு சொன்னீங்கன்னா உதவியா இருக்குமுங்க.